“பார்த்துதானே குடிவந்தீங்க?”

தமிழ்நாட்டில் வீடு மாறுவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. பள்ளி திறப்பதற்குள், ஆடி பிறப்பதற்குள் என்று கணக்குப் போட்டு, பல குடும்பங்கள் சித்திரைக்கும் ஆனிக்கும் இடையில் புது வீட்டில் பால் காய்ச்சிவிடுகின்றன. வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் நாம் வீடு பார்க்கிறோம். சுவர்கள் காய்ந்திருக்கும். பெயின்ட் வாசனை இன்னும் போயிருக்காது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகுதான் அந்த வீடு தன் குணத்தைக் காட்டும். படுக்கையறைக் கூரையில் ஈரம் படரும். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். சுவிட்ச் போர்டைத் தொட்டால் விரல் சுரீரென்று இழுக்கும்.

வீட்டு உரிமையாளரிடம் போய்ச் சொன்னால் அநேகமாக முதலில் வரும் பதில், “பார்த்துதானே குடிவந்தீங்க?” என்பதுதான். அதைக் கேட்டதும் பலரும் தலைகுனிந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. வாடகை வீட்டின் பெரிய பழுதுகளைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் பாதிக்கு மேல் தவறானவை. அவற்றால் குடியிருப்பவருக்குப் பணமும், சில நேரம் உயிரும் நஷ்டம்.

நம்பிக்கை: பார்த்துவிட்டுக் குடிவந்தால், இருப்பதை அப்படியே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவில் உரிமையாளரின் கடமைகளைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் வைப்பதே இதைத்தான்: உரிமையாளருக்குத் தெரிந்த, குடிவருபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத பெரிய குறையை அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். போன மழையில் ஒழுகிய கூரைக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டு, “நீங்க பார்த்தீங்களே” என்று சொல்ல முடியாது.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்த குறையின் கதை வேறு. விரிசலைப் பார்த்துவிட்டு, “வந்ததும் சரி பண்ணித் தர்றேன்” என்ற வாய்வார்த்தையை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால், பிறகு அந்த வார்த்தையை நிரூபிப்பது கடினம். பார்த்த குறையை, எந்தத் தேதிக்குள் சரிசெய்து தரப்படும் என்பதோடு சேர்த்து, ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீடு பார்க்கும்போது ஹாலின் அழகை விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சுவர்களில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளியலறைக்கு மறுபக்கச் சுவரைக் கையால் தட்டிப் பாருங்கள். பூச்சு விட்டுப்போயிருந்தால் பொள்ளலாக ஓசை வரும்.

நம்பிக்கை: ஓதம்தானே, மழை நின்றால் காய்ந்துவிடும்.

இந்த நம்பிக்கைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தருகிறது. சுவர் காய்வது உண்மை. உள்ளே நடப்பது காய்வதில்லை.

கான்கிரீட் கூரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை, சுற்றியிருக்கும் சிமென்டின் காரத்தன்மைதான் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் தண்ணீரும் காற்றும் உள்ளே இறங்கினால் அந்தக் காப்பு போய்விடும். கடலோர ஊர்களில் உப்பு அதைத் துரிதப்படுத்தும். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்படி வீங்கும் துரு, கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்து தள்ளுகிறது. ஒருநாள் அது பாளமாகப் பெயர்ந்து, கீழே படுத்திருப்பவர் மேல் விழுகிறது. கூரையில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் இருந்து, அதில் பழுப்புக் கறையும் தெரிந்தால், அது வெறும் பூச்சு விரிசலாக இருக்காது. மேலே சிமென்ட் பூசி மறைப்பது வைத்தியமும் ஆகாது. பெயர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகுதான் மீண்டும் அடைக்க வேண்டும். மாடியிலிருந்து தண்ணீர் இறங்கும் வழியை அடைக்காவிட்டால் அந்த வேலையும் வீண்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மர உத்தரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் கட்டிய கூரைகள் அவை. நன்றாகப் பராமரித்தால் தலைமுறைகள் தாண்டி நிற்கும், கோடையில் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். ஓதம் சேர்வதும் கரையான் ஏறுவதும் முதலில் அந்த இடத்தில்தான். ஆகவே அந்த வீடுகளில் கூரையின் நடுப்பகுதியைவிட, உத்தரம் சுவரைச் சேரும் இடத்தையே கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஈரச் சுவரும் மின்சாரமும் சேர்ந்தால் ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது. வீட்டில் கசிவு மின்காப்பான் இருந்து, அது மழை நாளில் அடிக்கடி விழுந்தால், அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். வீடுகளில் பொருத்தும் வகை, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டது. “அது சும்மா சும்மா டிரிப் ஆகுது” என்று எலெக்ட்ரீஷியனை வைத்து நேர் இணைப்புக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற ஒயர்மேனை அழையுங்கள்.

பூஞ்சையையும் லேசாக எண்ணக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும்.

நம்பிக்கை: குடியிருப்பவர்தான் எல்லா ரிப்பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உண்டு: குழாய் வாஷர் முதல் எல்லாமே ஓனர் பாடு என்பது. இரண்டும் தவறு. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. யார் எதைச் செய்ய வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்தே சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, உள்ளும் புறமுமான மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாயும் அதன் வாஷரும், சாக்கடை அடைப்பு, கழிவறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர், சுவிட்சு, பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பக்கம். கூரை பெயர்வது உரிமையாளர் பொறுப்பு. அந்தப் பழுது குடியிருப்பவரே உண்டாக்கியதாக இருந்தால் மட்டும் விலக்கு.

“வீட்டில் எந்தப் பழுது ஏற்பட்டாலும் வாடகைதாரரே சரிசெய்துகொள்ள வேண்டும்” என்ற வரி அச்சடித்த ஒப்பந்தங்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: வாடகையை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்.

கோபம் நியாயமானது, வழி ஆபத்தானது. இரண்டு மாத வாடகை பாக்கி சேர்ந்து, அறிவிப்பு வந்த பிறகும் கட்டாமல் இருந்தால், குடியிருப்பவரை வெளியேற்றக் கோருவதற்குச் சட்டமே ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. கூரை ஒழுகியது என்ற உங்கள் நியாயம் பின்னுக்குப் போய், வாடகை தராதவர் என்ற பெயர் முன்னுக்கு வந்துவிடும்.

சட்டம் வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. தன் பொறுப்பிலுள்ள பழுதை உரிமையாளர் சரிசெய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் வாடகை வீட்டில் 18,000 ரூபாய்க்குக் குழாய் வேலை நடந்திருந்தால், மாதம் 6,000 வீதம் மூன்று மாதங்களில் கழியும். வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், பில் கையில் இருக்க வேண்டும். அப்படிக் கழித்துத் தரும் வாடகையை அவர் வாங்க மறுத்தால், வங்கி வழியாகவோ மணியார்டரிலோ அனுப்புங்கள். அதையும் இரண்டு மாதம் தொடர்ந்து மறுத்தால், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

நம்பிக்கை: எழுதிக் கொடுத்தால் உறவு கெட்டுவிடும்.

கீழ் வீட்டில் ஓனர், மேல் வீட்டில் நாம். வாசலில் தினமும் முகம் பார்க்க வேண்டும். “அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே” என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பழுது பெரிதாக இருந்தும் பலர் ஏதும் செய்ய முடியாமல் நிற்பதற்கு, நான் பார்த்தவரை, கையில் எழுத்து இல்லாததே காரணம். வாடகையில் கழிப்பதானாலும், வீட்டைவிட்டு வெளியேறுவதானாலும், அதிகாரியிடம் போவதானாலும், “எப்போது சொன்னீர்கள், எதில் சொன்னீர்கள்?” என்பதே முதல் கேள்வி. அதோடு, பழுதைக் கண்டால் உரிமையாளருக்குத் தெரிவிப்பது குடியிருப்பவரின் கடமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அவருடைய சொத்து கெடாமல் காக்கும் செய்தி அது. வாடகையை நம்பியே முதுமையை ஓட்டும் உரிமையாளருக்கும், கசிவை முதல் மாதத்திலேயே அறிந்தால் செலவு குறையும்.

கடிதம் கடுமையாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

“ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் இம்மாதம் முதல் தேதி குடிவந்தோம். நேற்று இரவு பெய்த மழையில் படுக்கையறைக் கூரையின் வடகிழக்கு மூலையில் ஒழுகியது. சுமார் இரண்டடி நீளத்துக்குப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதன் கீழ் படுக்க அச்சமாக உள்ளது. படங்கள் இணைத்துள்ளோம். தாங்கள் நேரில் பார்த்து, பத்து நாட்களுக்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வேலையாட்கள் வர வசதியான நேரத்தைத் தெரிவித்தால் வீட்டில் இருப்போம்.”

கையில் ஒரு பிரதியைக் கொடுத்து, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். குடிவந்த முதல் வாரத்திலேயே ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவையுங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் பிடித்தம் என்று பேச்சு வந்தால், அதுதான் உங்களுக்குத் துணை.

எழுதிக் கேட்டதற்காக மோட்டாரை நிறுத்துவதும், ஃபியூஸைப் பிடுங்குவதும் நடக்கின்றன. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்திருக்கிறது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் அந்தப் பொறுப்பில் நியமிக்கிறார்.

நம்பிக்கை: பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்ற விதியிலிருந்து வந்த வழக்கம் இது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்கென அரசின் இணையதளமே இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். பதியாத ஒப்பந்தம், தகராறு முற்றும்போது கைகொடுக்காமல் போகலாம்.

நம்பிக்கை: அட்வான்ஸ் மாட்டிக்கொண்டது, ஒப்பந்தக் காலம் முடியும்வரை அங்கேயே இருந்தாக வேண்டும்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம்தான் இந்தப் பயத்துக்கு வேர். சட்டம் பொதுவான அளவாக வைத்திருப்பது மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அது திரும்பி வர வேண்டும். பழுதைச் சரிசெய்யாமல் அந்த வீட்டில் வாழவே முடியாது, எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்துவிட்டார் என்றால், 15 நாள் எழுத்து மூல அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. வெளியேற விரும்பாவிட்டால் வாடகை அதிகாரியை அணுகலாம். கட்டடமே இடியும் நிலையில் இருந்தால் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுதுங்கள். அபாயக் கட்டடங்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இருக்கிறது.

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டுக் கூரையில் ஓர் இடம் நினைவுக்கு வந்தால், முதலில் அதன் கீழிருக்கும் கட்டிலையோ தொட்டிலையோ நகர்த்திப் போடுங்கள். இன்றே படம் எடுத்துவிடுங்கள். நாளை காலைக்குள் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.