தொடை எலும்பு முறிவு: டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன பார்க்க வேண்டும்?

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கும் வந்தாச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'தொடை எலும்பு முறிவு' என்று மட்டும் இருக்கிறதா? அப்படியென்றால் அது பாதித் தகவல்தான்.

நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐ.சி.டி.-10 என்ற குறியீட்டு முறை உண்டு. அதில் தொடை எலும்பு முறிவு எஸ்72. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்தான் எந்த இடம் என்பதைச் சொல்லும். இடுப்பு மூட்டை ஒட்டிய கழுத்துப் பகுதி எஸ்72.0. அதன் கீழே புடைத்திருக்கும் பகுதி 72.1, அதற்கும் சற்றுக் கீழே 72.2, நடுத்தண்டு 72.3, முழங்கால் பக்க முனை 72.4. டாக்டர் இடத்தை எழுதாவிட்டால், குறியீடு போடுபவர் 72.9, அதாவது 'இடம் குறிப்பிடப்படவில்லை' என்றுதான் போட முடியும். எக்ஸ்-ரே படத்தைப் பார்த்து அவராக ஊகிக்கக் கூடாது.

ஒரு எண்ணில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். வயதானவருக்குக் கழுத்து முறிந்தால் பெரும்பாலும் செயற்கை மூட்டு வைப்பார்கள். தண்டு முறிந்தால் எலும்புக்குள் கம்பி செலுத்துவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் காப்பீடானாலும், முறிவும் சிகிச்சையும் காகிதத்தில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். அலையப் போவது நீங்கள்தான்.

வலது காலா, இடது காலா? இந்தக் குறியீட்டில் அது கிடையாது (அமெரிக்கப் பதிப்பில் உண்டு). ஆகவே எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். திறந்த காயத்தோடு கூடிய முறிவா என்பதும் அப்படித்தான். ஒன்றும் எழுதாவிட்டால் மூடிய முறிவு என்றே கணக்கில் போகும்.

எப்படி விழுந்தார் என்பதற்கும் தனிக் குறியீடு உண்டு. சாலை விபத்து என்றால் ஏ.ஆர். காப்பியும் சம்மரியும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் வலது, மற்றதில் இடது என்று இருந்தால் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

லேசாக விழுந்ததிலேயே முறிந்ததா? எலும்பு மெலிவு நோய்தான் காரணம் என்று டாக்டர் கருதினால் குறியீடு எம்80-க்கு மாறும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம் எழுதப்படாவிட்டால் அதற்கான மருந்தும் தொடங்காமல் போகலாம். அடுத்த முறிவு இன்னொரு காலில் வரலாம்.

தவறு இருந்தால் நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். டாக்டர் திருத்திக் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவண நகல் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை அவர்கள் வைத்திருக்க வேண்டிய காலம் 3 ஆண்டுகள்தான். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.