பந்தியில் ஓர் இடம்

யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை விடிவதே வேறு மாதிரி. தலைமுழுக்கு, மச்சம் ஏறாத அடுப்பு, திருநீற்று நெற்றி, பக்கத்துக் கோவில் மணி. ஆனால் பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தாய்க்கும், ஓய்வூதியம் எடுத்த ஆசிரியருக்கும், முப்பது வருடம் கழித்து ஊர் திரும்பியவருக்கும் அந்த நாள் முடிவில்லாமல் நீளும். அவர்கள் போய்ச் சேரத் தக்க இடம் ஒன்று குடாநாட்டின் வடகரையில் இருக்கிறது: தொண்டைமானாறு செல்வச்சந்நிதி.

கடல்நீரேரிக் கரையில் நிற்கும் இந்த முருகன் கோவிலில் கப்பூகர்கள் எனப்படும் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் மௌனமாகப் பூசை செய்கிறார்கள். 'அன்னதானக் கந்தன்' என்ற பெயருக்கு ஏற்றபடி சுற்றிலும் மடங்கள். அவற்றோடு சேர்ந்த சந்நிதியான் ஆச்சிரமத்தில் சைவ கலை பண்பாட்டுப் பேரவை வெள்ளி தோறும் முற்பகலில் வாராந்த நிகழ்வு நடத்துகிறது. சொற்பொழிவோ பண்ணிசையோ இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் போன்ற உதவிகளும் அந்த மேடையில்தான் கைமாறும். பேரவையின் மாத இதழான 'ஞானச்சுடர்' வெளிவருவதும் இங்கேதான்.

வெள்ளிக்கிழமை கூடியிருந்து கேட்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு அது வாரந்தோறும் தொடர்ந்தது.

புதியவர் முதல் வெள்ளியில் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அச்சுவேலிப் பக்கமிருந்தோ வல்வெட்டித்துறைப் பக்கமிருந்தோ நேரத்தோடு வந்து, கும்பிட்டு, பேச்சை முழுதாகக் கேட்டு, பந்தியில் இருந்து சாப்பிட்டுப் போனால் போதும். கைபேசியைப் பையில் வைத்துவிட வேண்டும். கூட வந்த சொந்தக்காரருக்குப் பக்கத்தில் இருக்காமல் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்ற கேள்வியிலேயே பல பழக்கங்கள் தொடங்கியிருக்கின்றன.

இரண்டாவது வெள்ளியில் ஒரு மணித்தியாலம் முந்தி வர வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். அன்னதானம் நடக்கும் இடத்தில் எப்போதும் ஒரு கை குறைவாகவே இருக்கும். பூசணி வெட்ட, தேங்காய் துருவ, வாழையிலை துடைக்க, தண்ணீர் பரிமாற ஆள் வேண்டும். "அக்கா, நான் என்ன செய்ய?" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். கத்தரிக்காய் எந்தப் பருமனில் வெட்டுவது என்று ஓர் அம்மா காட்டித் தருவார். அதற்குள் அவருடைய மகளின் கல்யாணக் கதை பாதி வந்துவிடும். மேடைக்கு முன்னால் ஐம்பது வெள்ளி இருந்தாலும் கிடைக்காத நெருக்கம் மரக்கறிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரே காலையில் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் காசைக் கொடுத்துத் தொடங்கப் பார்ப்பதுண்டு. காசு தேவைதான், ஆனால் அதைக் கொடுத்தவரை எல்லோரும் உபயகாரராகத்தான் பார்ப்பார்கள். முதலில் கையைக் கொடுக்கட்டும், உபயம் பிறகு செய்யலாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் "எவடம்?" என்ற கேள்வி சில வேளை வெறும் ஊர் விசாரிப்பு, சில வேளை சாதி விசாரிப்பு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் நுழையும் உரிமைக்காகப் பலர் போராட வேண்டியிருந்த மண் இது. ஆகவே புதியவரோடு கதைக்கத் தொடங்குபவர் ஊரைக் கேட்காமல் பெயரைக் கேட்கட்டும், அன்றைய பேச்சைப் பற்றிக் கேட்கட்டும். கேள்விக்கு ஆளானவர் விரும்பினால் பதில் சொல்லலாம். விரும்பாவிட்டால், "இண்டைக்கு இங்கைதான்" என்று சொல்லி அடுத்த இலையைத் துடைக்கலாம்.

மூன்றாம் வெள்ளிக்குள் இரண்டு முகமாவது பழகியிருக்கும். அவர்களின் பெயரை நினைவில் வைத்திருந்து கூப்பிட வேண்டும்: அண்ணை, அக்கா, தம்பி, பிள்ளை. பேச்சு முடிந்ததும் பேச்சாளரிடம் போய் ஒரு சந்தேகம் கேட்கலாம். பேசினவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. 'ஞானச்சுடர்' வாங்கிக்கொண்டு போனால் அடுத்த வாரம் கதைக்க ஒரு விஷயமும் கையில் இருக்கும்.

வராமல் இருக்க நேர்ந்தால் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். "போன கிழமை ஏன் காணேல்லை?" என்று யாரோ கேட்கும் நாளில் புதியவர் அங்கத்தவர் ஆகிவிட்டார்.

கோவிலில் நாட்டமில்லாதவருக்கும் இதே வழி பொருந்தும். ஊரில் உள்ள சனசமூக நிலையத்துக்கு வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போய், பத்திரிகையைப் படித்தபின் கதிரைகளை ஒழுங்காக அடுக்கிவிட்டு வந்தால் போதும்.

வருகிற வெள்ளி, பேச்சுத் தொடங்க ஒரு மணித்தியாலம் முந்தி, தனியாக இருக்கும் அயல்வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு தொண்டைமானாற்றில் இறங்குங்கள்.