எண்களுக்கு இடமும் அளவும் உண்டா?

கேள்வி: சிறிய எண்ணை இடப்பக்கத்தோடும் பெரிய எண்ணை வலப்பக்கத்தோடும் மனம் இணைத்துப் பார்ப்பது ஏன்?

பதில்: எண்களை மனம் ஒரு கோட்டில் வரிசையாக வைத்தாற்போலக் கையாள்கிறது. 2, 9 இவற்றில் பெரியது எது என்றால் விடை சட்டென வரும். 8, 9 என்றால் சற்றுத் தாமதமாகும். இதை ஆய்வாளர்கள் மோயரும் லாண்டவரும் 1967-இல் காட்டினர். எழுத்தின் பருமனும் குறுக்கிடும். 2 பெரிதாகவும் 7 சிறிதாகவும் அச்சிடப்பட்டிருந்தால், மதிப்பில் பெரியதைச் சொல்லக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட சோதனைகளில், திரையில் தோன்றும் எண் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். அளவைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆயினும் சிறிய எண்களுக்கு இடக்கையும் பெரிய எண்களுக்கு வலக்கையும் முந்தின.

இந்தத் திசையை வாசிப்புப் பழக்கம் பெரிதும் வடிவமைக்கிறது. சொற்களையும் எண்களையும் வலமிருந்து இடமாக வாசிக்கும் பாலஸ்தீனியரிடம் அது தலைகீழாக இருந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணிக்கை, இடம் இரண்டையும் கையாளும் பகுதிகள் மூளையில் அருகருகே அமைந்திருப்பதும் இந்த இணைப்புக்குத் துணைபுரியலாம்.