பழைய கம்ப்யூட்டர் விர்ச்சுவல் ஆனது, பூட் ஆகவில்லையா?

சின்னசேலத்தில் ஒரு மக்காச்சோள மண்டி இருப்பதாக வைத்துக் கொள்வோம். அதன் பத்து ஆண்டுக் கணக்கு முழுவதும் ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கிறது. வீட்டுப் பையன் பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் அது. கீ போர்டில் நான்கு கீகள் வேலை செய்யவில்லை. பேட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் இன்னும் சுற்றிக் கொண்டிருக்கிறது. புதிய கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அதன் சிடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு பெரிய பைலாக மாற்றி, புதிய கம்ப்யூட்டரில் ஒரு விண்டோவுக்குள் ஓட வைக்கலாம். இந்த மாற்றத்தைச் சுருக்கமாக 'பி2வி' என்பார்கள். நிறுவனங்களில் பழைய சர்வர்களை இப்படித்தான் மாற்றுகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் முறை அதேதான். விர்ச்சுவல் பாக்ஸ், டிஸ்க்2விஎச்டி இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

காப்பி எடுப்பது சுலபம். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. விர்ச்சுவல் மெஷினை ஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றி அப்படியே நிற்கும். அல்லது நீலத் திரை வந்து, உடனே ரீஸ்டார்ட் ஆகும். கணக்கெல்லாம் போய்விட்டது என்று பலரும் பதறுவது இந்த இடத்தில்தான். டேட்டா பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அதை எட்டும் வழி மட்டும் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே அறுந்தது என்பதைத் திரையில் வரும் வரியே சொல்லிவிடும்.

பூட் ஆவது எப்படி?

சின்னசேலம் பஸ் நிலையத்தில் நின்று கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு வழி கேட்டால், கள்ளக்குறிச்சிக்குப் போங்கள் என்பார்கள். அங்கே கேட்டால் கச்சிராயபாளையத்தைக் கைகாட்டுவார்கள். அங்கிருந்து மலைப்பாதை. கம்ப்யூட்டர் பூட் ஆவதும் இப்படித்தான். பவர் வந்ததும் பயாஸ் விழிக்கிறது. அதற்குத் தெரிந்தது ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டார் மட்டுமே. 512 பைட் அளவுள்ள அந்த இடத்துக்கு எம்பிஆர் என்று பெயர். எம்பிஆருக்கு, பூட்லோடர் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரியும். பூட்லோடர் விண்டோஸ் இருக்கும் இடத்தைக் காட்டும். விண்டோஸ் எழுந்ததும் தன் டிரைவரைக் கொண்டு டிஸ்க்கைத் திறக்கும். ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியை மட்டுமே அறியும். கம்ப்யூட்டரையே மாற்றும்போது இந்த முகவரிகளில் ஏதாவது ஒன்று பொய்யாகிவிடுகிறது.

இங்கே தமிழில் தரப்படும் கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள். சாய்கோட்டுக்கு முன் ஓர் இடைவெளி கட்டாயம்.

காப்பி எடுக்கும் முன்

பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதியைத் திறந்து, 'டிஸ்க் 0' என்ற இடத்தில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் டேபைப் பாருங்கள். பார்ட்டிஷன் ஸ்டைல் எம்பிஆரா, ஜிபிடியா என்று குறித்துக் கொள்ளுங்கள். எம்பிஆர் என்றால் அந்த விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறது. ஜிபிடி என்றால் யூஇஎப்ஐ முறை. இந்த ஒரு சொல் பிறகு ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்து டிஸ்க்2விஎச்டியை இயக்குங்கள். விண்டோஸ் ஓடிக் கொண்டிருக்கும்போதே காப்பி எடுக்கும் வசதி இதில் உண்டு. கிடைக்கும் விண்டோவில் டிரைவ்கள் வரிசையாக வரும். புதியவர்கள் சி டிரைவுக்கு மட்டும் டிக் அடித்துவிட்டு ஓகே கொடுத்துவிடுகிறார்கள். அதே பட்டியலில் எழுத்தே இல்லாமல் ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் 7-ல் அதன் அளவு 100 எம்பி, பெயர் சிஸ்டம் ரிசர்வ்டு. பூட்லோடர் குடியிருப்பது அதில்தான்! அதற்கும் டிக் அடியுங்கள். 'யூஸ் விஎச்டிஎக்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். விர்ச்சுவல் பாக்ஸுக்குச் சாதாரண விஎச்டி பைலே வசதி. பைலைச் சேமிக்கும் யூஎஸ்பி டிஸ்க் என்டிஎப்எஸ் முறையில் பார்மட் ஆகியிருக்க வேண்டும். எப்ஏடி32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய பைலை ஏற்காது. லேப்டாப்பின் பேட்டரி போய்விட்டது என்றால் அடாப்டரை யூபிஎஸ்ஸில் சொருகிவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

காப்பி முடிந்ததும், விஎச்டி பைலை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இனிச் செய்யப் போகும் ரிப்பேர் எல்லாம் ஒரு நகலில்தான். கெட்டுப் போனால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த நகலில் தொடங்கலாம். நிஜ ஹார்ட் டிஸ்க்கில் இந்தத் தைரியம் வராது.

திரை என்ன சொல்கிறது?

விர்ச்சுவல் பாக்ஸில் புதிய மெஷின் ஒன்றை உருவாக்கி, ஏற்கனவே உள்ள டிஸ்க் பைலைப் பயன்படுத்து என்ற பிரிவில் உங்கள் விஎச்டியைக் காட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

'நோ பூட்டபிள் மீடியம்' என்று வந்தால், பயாஸ் படியிலேயே வழி அறுந்துவிட்டது. முன்பு குறித்து வைத்த சொல்லை எடுங்கள். எம்பிஆர் என்றால் மெஷினின் செட்டிங்ஸில், சிஸ்டம் பிரிவில், எனேபிள் இஎப்ஐ என்ற கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஜிபிடி என்றால் அதில் டிக் இருக்க வேண்டும். ஹைப்பர்-வி பயன்படுத்துவோர் எம்பிஆருக்கு ஜெனரேஷன் 1, ஜிபிடிக்கு ஜெனரேஷன் 2 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். உருவாக்கிய பிறகு அதில் ஜெனரேஷனை மாற்ற முடியாது. மெஷினை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' என்பது வேறு கதை. பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது, பூட்லோடரைத்தான் காணவில்லை. சின்னப் பார்ட்டிஷனை விட்டுவிட்டீர்களா? பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் மறுபடி காப்பி எடுப்பதே நல்லது. அது முடியாதவர்கள் விண்டோஸ் டிவிடி அல்லது அதன் ஐஎஸ்ஓ பைலை விர்ச்சுவல் மெஷினில் சொருகி அதிலிருந்து பூட் செய்யுங்கள். மொழி கேட்கும் திரைக்கு அடுத்து 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்று ஒரு வரி கிடைக்கும். இன்ஸ்டால் பட்டன் பெரிதாக நடுவில் இருக்கும். பழக்கத்தில் அதைத் தொட்டுவிட வேண்டாம்.

முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பூட்ரெக் /பிக்ஸ்எம்பிஆர் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடுத்து பூட்ரெக் /பிக்ஸ்பூட். கடைசியாக பூட்ரெக் /ரீபில்ட்பிசிடி. இது விண்டோஸைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று கேட்கும், 'ஒய்' கொடுங்கள்.

சின்னப் பார்ட்டிஷன் அறவே இல்லாதபோது இவை போதாது. விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனையே பூட் பார்ட்டிஷனாக்க வேண்டும். டிஸ்க்பார்ட் என்று டைப் செய்து உள்ளே போய், செலக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன் என்று கொடுங்கள். அளவைப் பார்த்து விண்டோஸ் பார்ட்டிஷன் எது என்று அறிந்து, அதன் எண்ணுடன் செலக்ட் பார்ட்டிஷன் கொடுத்து, ஆக்டிவ் என்று டைப் செய்து, எக்ஸிட் கொடுத்து வெளியே வாருங்கள். பிறகு பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: என்ற கட்டளை பூட் பைல்களை அங்கேயே எழுதிவிடும். அதன் பின் மேலே சொன்ன மூன்று பூட்ரெக் கட்டளைகளையும் ஒரு முறை கொடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ரிப்பேர் திரையில் உங்கள் சி டிரைவ், டி என்ற எழுத்தோடு வரக்கூடும். டிர் கட்டளை கொடுத்து விண்டோஸ் போல்டர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே எழுத்தைப் போடுங்கள்.

நீலத் திரை 7பி

லோகோ வரை வந்து, நீலத் திரையில் 0x0000007பி என்ற எண்ணோடு விழுந்தால் மகிழுங்கள். பூட்லோடர் சரியாகவே இருக்கிறது. விண்டோஸ் எழுந்தும் விட்டது. டிஸ்க்கைத் திறக்கத்தான் சாவி இல்லை.

சின்னசேலம் வழியாகச் செல்லும் சேலம் - விருத்தாசலம் ரயில் பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்து அகலப் பாதையானது. அன்றைய பெட்டியை இன்றைய தண்டவாளத்தில் வைத்தால் ஓடாது. ஆனால் பெட்டியில் கோளாறு இல்லை. இதுவும் அப்படித்தான். பழைய லேப்டாப்பில் டிஸ்க் ஒரு வகைக் கன்ட்ரோலரில் இருந்தது. விர்ச்சுவல் மெஷின் வேறு வகையைக் கொடுத்திருக்கிறது. தனக்குத் தேவைப்படாத டிரைவரை விண்டோஸ் 7 பூட் நேரத்தில் ஏற்றுவதில்லை.

பூட்ரெக் கட்டளைகளை இங்கே நூறு முறை கொடுத்தாலும் பயன் இல்லை. தண்டவாளத்தை மாற்றுங்கள். மெஷினை ஆப் செய்து, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பிரிவுக்குப் போய், சாட்டா கன்ட்ரோலரிலிருந்து டிஸ்க்கை நீக்கி, ஐடிஇ கன்ட்ரோலரில் அதே பைலைச் சேருங்கள். இங்கே நீக்குவதால் பைல் அழியாது. முன்பே ஐடிஇயில் இருந்தால் சாட்டாவுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் பழைய லேப்டாப்பில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ் என்ற வரிசையில் எம்எஸ்ஏஎச்சிஐ, இன்டெல்ஐடிஇ, ஏடிஏபிஐ ஆகிய மூன்றிலும் ஸ்டார்ட் என்ற மதிப்பை 0 ஆக்கிவிட்டு மீண்டும் காப்பி எடுங்கள். விண்டோஸ் 8, 10 என்றால் சேப் மோடில் ஒரு முறை பூட் செய்தாலே பெரும்பாலும் டிரைவரைத் தேடிக் கொள்ளும்.

இலவச லேப்டாப்பில் ஒரு தனிச் சிக்கல்

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் பதியப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. பவர் பட்டனை அழுத்தியதும் எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் மெனுவை கிரப் என்ற பூட்லோடர் தருகிறது என்றால் கவனம் தேவை. கிரப் தன் பைல்களை லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்திருக்கும். டிஸ்க்2விஎச்டியில் விண்டோஸ் டிரைவ்களை மட்டும் டிக் அடித்திருந்தால் அந்தப் பார்ட்டிஷன் காலியாகவே வரும். விளைவு, 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொல்லோடு திரை நின்றுவிடும்.

விண்டோஸ் மட்டும் போதும் என்றால் முன்பு சொன்ன பூட்ரெக் /பிக்ஸ்எம்பிஆர் கொடுங்கள். அது கிரப்பைத் துடைத்துவிட்டு விண்டோஸின் எம்பிஆரை எழுதும். லினக்ஸும் வேண்டும் என்றால் குளோன்ஜில்லா போன்ற புரோகிராம் கொண்டு முழு டிஸ்க்கையும் காப்பி எடுக்க வேண்டும். அதன் பிறகும் கிரப் தகராறு செய்தால், லைவ் சிடியில் பூட் செய்து, லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, சிஎச்ரூட் மூலம் அதற்குள் போய், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் என்ற இரண்டு கட்டளைகளையும் கொடுக்க வேண்டும். மெனு வந்து, லினக்ஸ் மட்டும் 'இனிட்ராம்எப்எஸ்' என்று நின்றால், அது விண்டோஸின் 7பி போன்றதே: டிஸ்க் டிரைவர் இல்லை. அதே சிஎச்ரூட்டில் அப்டேட்-இனிட்ராம்எப்எஸ் -யூ கொடுங்கள். லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக் கொள்வது நல்லது.

பூட் ஆன பிறகு

விண்டோஸ் மீண்டும் ஆக்டிவேட் செய்யச் சொல்லலாம். லேப்டாப்புடன் வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த லேப்டாப்புக்கே உரியது. அதனால் தனி லைசென்ஸ் தேவைப்படலாம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் பொதுவான சப்போர்ட்டை 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எனவே விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் இணைப்பை எடுத்துவிட்டே பயன்படுத்துங்கள். கணக்கு பார்க்க இன்டர்நெட் எதற்கு?

கணக்கு புரோகிராமைத் திறந்து சென்ற ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு என்று நாலைந்து பில்களையாவது பார்த்து, ஒன்றை பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். புரோகிராமுக்கு யூஎஸ்பி டாங்கிள் இருந்தால், மெஷின் ஓடும்போது டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி பிரிவைத் திறந்து அதற்கு டிக் அடிக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கு இதில் ஓடி முடியும் வரை பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். பார்மட்டும் செய்யாதீர்கள்.