கோட்டையுள் ஒரு கல்யாண மண்டபம்

கணியம்பாடியிலிருந்து வடக்கே வேலூர் செல்லும் அன்பர்களில் பலர், கோட்டை அகழியைக் கண்டு வியந்து, உள்ளே ஜலகண்டேசுவரர் ஆலயத்தையும் வலம் வந்து திரும்புகின்றனர். ஆலயத்துள் புகுந்ததும் இடப்புறம் அமைந்துள்ள கல்யாண மண்டபத்தில் சற்று நின்று பார்ப்போர் சிலரே. வைணவ அன்பர்கள் அவசியம் காணத்தக்கது அது.

16ஆம் நூற்றாண்டில் வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் சிறந்த சிவபக்தர். அப்பைய தீட்சிதரை ஆதரித்தவர். அவர் காலத்துத் திருப்பணி எனப்படும் இச்சிவாலய மண்டபத் தூண்களிலே நரசிம்ம மூர்த்தியும் கண்ணபிரானும் இடம் பெற்றிருக்கின்றனர். ஏட்டிலே சமய வாதம் ஓங்கியிருந்த காலத்தில் உளிக்கு அந்தப் பேதம் இருக்கவில்லை போலும்! முகப்புத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் பாய்கின்றன. விதானத்தில் மலரைச் சூழ்ந்து கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் காசுகளில் திருவேங்கடமுடையான் திருநாமத்தைப் பொறித்த வேங்கடபதி தேவராயர் காலத்தில், வேலூர் விஜயநகர அரசின் தலைநகராயிற்று.

பின்னர் பீஜப்பூர்ப் படை, மராட்டியர், ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறியது. பூஜை நின்றது, ஆலயம் ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்டது. மண்டபத்தைப் பெயர்த்துச் சீமைக்குக் கொண்டுபோக வந்த கப்பல் கடலில் மூழ்கிற்று என்பது செவிவழிச் செய்தி. மண்டபம் தப்பி நிற்பது மட்டும் கண்கூடு.

சத்துவாச்சாரியில் இருந்த மூலவர் 1981 மார்ச்சில் மீண்டும் கோட்டைக்குள் எழுந்தருளினார். தொல்லியல் துறையின் காவலில் உள்ள சின்னம் அன்றுமுதல் வழிபாட்டுத் தலமும் ஆயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எளிதன்று. கற்பூரப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் நுண்ணிய செதுக்கல்களை மூடிவிடும். பக்தியால் தூணில் அப்பிய குங்குமத்தைப் பிறகு ஒருவர் சுரண்டவேண்டி வரும். சுரண்டுங்கால் சிற்பத்தின் மூக்கும் விரலும் தேயும்.

மத்திய அரசின் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. நூறு மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பலாகாது. கிராமக் கோயில்கள் பலவற்றுக்கு அக்காவல் இல்லை. ஆங்கே கும்பாபிஷேகத் திருப்பணியே ஆபத்தாகி விடுவதுண்டு. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைத்த பழைய சாந்து ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் வெடிக்கும். விமானத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு அகற்றாமல் வெட்டினால் மீண்டும் தழைக்கும். மணலைப் பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்தாலோ, கல் பளபளக்கும். கோயிலுக்கு நிலம் விட்டவர் பெயரும் விளக்குக்கு ஆடு தந்தவர் பெயரும் பொறித்த எழுத்துக்கள், படியெடுக்க வருவோர்க்கு அகப்படா.