நாலு பேர் நம்ம தளத்தைக் கைகாட்ட வேண்டும்



நமது கூட்டமைப்புக்கு இணையதளம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. பனை ஓலைக் கூடை, சிப்பி மாலை, மூலிகைச் சோப்பு எல்லாம் படத்தோடு இருக்கிறது. ஆனால் கூகுளில் "மாமல்லபுரம் பனை ஓலைக் கூடை" என்று தேடினால் முதல் பக்கத்தில் நம்ம தளம் வரவில்லை. "பொதுநிதியில இருந்து காசு போட்டோமே, யார் கண்ணுலயும் படலியே" என்று சென்ற கூட்டத்தில் ஊக்குநர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில்தான் இந்த மாதப் பாடம்.

குழுவில் சேர புதுசா ஒருத்தர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அவங்க தன்னைப் பத்திச் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். தவணை தவறாமல் கடன் கட்டும் உறுப்பினர் "நல்லவங்க, சேர்த்துக்கலாம்" என்று சொன்னால், அந்த வார்த்தைக்கு எடை அதிகம்.

கூகுளும் இப்படித்தான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் தேடும் இயந்திரங்கள் ஒரு பக்கத்தில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதாகப் பார்த்தன. "கூடை, கூடை" என்று நூறு தடவை எழுதி வைத்தவர் மேலே வந்துவிடுவார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள் 1998-ல் வேறு வழி சொன்னார்கள். மற்ற தளங்கள் இந்தத் தளத்தைக் கைகாட்டுகின்றனவா, கைகாட்டும் தளத்தை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். ஒரு தளத்தில் நம்ம முகவரியைப் போட்டு, அதைத் தொட்டால் நம்ம பக்கம் திறக்கும்படி வைப்பதுதான் இணைப்பு, அதாவது லிங்க். இன்று கூகுள் இன்னும் பல விஷயங்களையும் பார்க்கிறது. ஆனாலும் புதுத் தளத்துக்கு லிங்க் முக்கியம். நம்ம தளம் இருப்பதையே பெரும்பாலும் அது லிங்க் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறது.

"வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினோமே?" என்று கேட்பீர்கள். அனுப்புங்கள், ஆர்டர் வரும். ஆனால் நமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தியை கூகுள் படிப்பதில்லை. அது இந்தக் கணக்கில் சேராது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு நபர் நம்ம அலுவலகத்துக்கு போன் செய்து, எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் ஐநூறு லிங்க் போட்டு ஒரே மாதத்தில் முதல் இடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். செயற்குழுவில் சிலருக்கு ஆசை வந்தது. நாங்கள் வேண்டாம் என்கிறோம். காரணத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று பெரிய கடை. 2010 பண்டிகை சீசனில் துணி, மெத்தை என எதைத் தேடினாலும் அவர்கள் பெயர் மேலே வந்தது. சம்பந்தமே இல்லாத தளங்களில் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான லிங்க் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. கூகுள் அவர்களைக் கீழே தள்ளியது. 2012-ல் இப்படிப்பட்ட ஏமாற்று லிங்குகளைக் கண்டுபிடிக்க 'பெங்குயின்' என்ற முறையையும் கொண்டுவந்தது. பெரிய கடை தாங்கிக்கொள்ளும். எட்டாயிரம் ரூபாய் நமக்கு ஒரு உறுப்பினரின் தையல் மிஷின் கடன்.

அப்ப காசில்லாமல் எப்படி லிங்க் வாங்குவது? ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்களிடம் இருந்து தொடங்க வேண்டும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை நம்ம கூடையை வாங்கி அறைகளில் வைத்திருக்கும் தங்கும் விடுதிகள் உண்டு. அவர்கள் தளத்தில் "இந்தக் கூடைகளைச் செய்தவர்கள்" என்று ஒரு வரி போடச் சொல்லலாம். களப்பயிற்சிக்கு மாணவிகளை அனுப்பும் கல்லூரி, நம்ம பயிற்சியைப் பற்றி எழுதிய நிருபர், கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சுற்றிப் பார்த்துப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாலு வரிக் கடிதம் போதும். ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கைகாட்டுவதற்கு நம்மிடமும் விஷயம் இருக்க வேண்டும். வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறார்கள். நம்ம மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பாம்புக்கடி பற்றி எழுத வருகிறவர்கள் அவர்களைத் தேடிப் போகிறார்கள். அவர்களிடம் வேறு எங்கும் கிடைக்காத அறிவு இருக்கிறது. நம்மிடமும் உண்டு. குருத்தோலையை எப்படி வகிர்வது, எத்தனை நாள் வெயில், சாயம் ஏற எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கைவேலை தெரிந்த அக்காமார்கள் சொல்லச் சொல்ல எழுதிப் படத்தோடு போட்டால், விலைப்பட்டியலைவிட அந்தப் பக்கத்தைத்தான் மற்றவர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

சின்ன விஷயம் இரண்டு. வெளியூர்க்காரர்கள் மகாபலிபுரம் என்றுதான் தேடுகிறார்கள், அதனால் இரண்டு பெயரும் தளத்தில் வேண்டும். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆன பிறகும் சில பட்டியல்களில் நம்ம முகவரி காஞ்சிபுரம் மாவட்டம் என்றே கிடக்கிறது. அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தளத்தின் முகவரி கூட்டமைப்பின் பெயரில் பதிவாகி இருக்கிறதா, செய்து கொடுத்தவர் பெயரிலா என்று பொருளாளர் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்டும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முகவரி கைவிட்டுப் போனால் சேர்த்த லிங்க் அத்தனையும் அதோடு போய்விடும்.

பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச: உங்கள் குழுவின் பொருளை இரண்டாவது முறை வாங்கியவர்களில் சொந்த இணையதளம் வைத்திருப்பவர் யார் யார்? பெயர்களை எழுதி 10-ம் தேதிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். கடிதம் எழுத நாங்கள் வந்து உதவுகிறோம்.