ஹோமரைப் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு

1. இலியட்டில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தேடாதீர்கள். அந்தக் காவியத்தின் நாயகன் உதாரண புருஷன் அல்ல. தனக்கு அவமானம் நேர்ந்ததும் கிரேக்க வீரன் அக்கிலிஸ் டிராய்ப் போரிலிருந்து விலகிக்கொள்கிறான். எதிரிகள் ஜெயிக்கட்டும், நம் ஆட்கள் சாகட்டும் என்று கடல்தேவதையான தாய் தீட்டிஸிடம் அழுது வரம் கேட்கிறான். அவனை நடுவில் வைத்துத்தான் 24 காண்டங்களும் சுழல்கின்றன.

2. ஒரு சிறைப்பெண்ணுக்காகவா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கொள்ளையில் படை ஒதுக்கித் தரும் பங்குதான் ஒரு வீரனின் தகுதிக்கு ஊரறிந்த அத்தாட்சி. அந்தச் சிறைப்பெண் பிரைசிஸைப் படைத்தலைவன் அகமெம்னான் எடுத்துக்கொண்டது சபை நடுவே கன்னத்தில் அறைந்தது போல. அவள் மனதை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். 19-ஆம் காண்டத்தில் அக்கிலிஸின் தோழன் பட்ரோகிளஸின் உடல்மீது விழுந்து அவள் புலம்புவதைத் தாண்டிப் போகாதீர்கள்.

3. நாயகன் எதனால் நாயகன் ஆகிறான் என்பதற்கு நான் காட்டும் இடம் 12-ஆம் காண்டம். பேசுபவன் அக்கிலிஸ் அல்ல, டிராய்க்குத் துணையாக வந்த லிசிய அரசன் சார்பிடான். ஊரார் நமக்கு முதல் இருக்கையும் நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும் ஆற்றங்கரை நிலமும் தருகிறார்களே, அதற்கு ஈடாக முன்வரிசையில் நிற்க வேண்டாமா என்று தோழன் கிளாக்கஸைக் கேட்கிறான். அடுத்துச் சொல்வது இன்னும் முக்கியம்: இந்தப் போரில் தப்பினால் மூப்பும் சாவும் இல்லை என்றால் நானும் சண்டைக்குப் போகமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன். எப்படியும் சாவு வரத்தான் போகிறது, அதனால் வா. நான்கு காண்டம் கழித்து அவன் மடிகிறான். அவன் தந்தையான தேவராஜன் ஜீயஸால் ரத்த மழைதான் பொழிய முடிகிறது.

இதோடு 5-ஆம் காண்டத்துப் போர்த்தெய்வம் ஏரிஸைச் சேர்த்துப் பாருங்கள். குத்துப்பட்டு அலறி ஒலிம்பஸுக்கு ஓடுகிறான். மருந்து போட்டதும் குளித்து, புத்தாடை உடுத்தி உட்கார்ந்துவிடுகிறான். இழக்க உயிர் இல்லாதவனிடம் வீரத்துக்கு என்ன வேலை?

4. பயமும் கண்ணீரும் இழுக்கல்ல. டிராய் இளவரசன் ஹெக்டர் அக்கிலிஸைக் கண்டதும் நகர மதிலை மூன்று சுற்று ஓடுகிறான். பிறகு திரும்பி நிற்கிறான். நிற்பதுதான் கணக்கு.

5. அக்கிலிஸைக் குதிகாலில் மட்டுமே கொல்ல முடியும் என்ற கதையை மறந்துவிடுங்கள். ஹோமரில் அது கிடையாது. 21-ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி உரசி அக்கிலிஸின் கையில் ரத்தம் வழிகிறது. எங்கே குத்தினாலும் சாகக்கூடியவன் அவன். போரில் நின்றால் ஆயுள் குறைவு, புகழ் அழியாது; ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள், புகழ் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

6. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியின் நாயகன் ஒடிசியஸ் வேறு ரகம். பொய் சொல்வான், பிச்சைக்காரன் வேடம் போடுவான். ஆனாலும் தேவதை கலிப்ஸோ தருவதாகச் சொன்ன சாகாவரத்தை வேண்டாமென்று மூப்படையும் மனைவியிடம் திரும்புகிறான். பாதாளத்தில் அவனைச் சந்திக்கும் அக்கிலிஸோ, இறந்தோருக்கு அரசனாக இருப்பதைவிட நிலமற்ற ஏழையிடம் கூலி வேலை செய்வது மேல் என்கிறான். புகழைப் பற்றி இதைவிடக் கசப்பாக யாரும் பேசியதில்லை.

7. மகனைக் கொன்ற அக்கிலிஸின் கையை முத்தமிட்டு, ஹெக்டரின் உடலைக் கேட்கிறான் டிராயின் கிழ அரசன் பிரயாம். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அந்த 24-ஆம் காண்டத்தைப் படித்து முடிக்கும்வரை அக்கிலிஸைப் பற்றி யாரிடமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.